மருந்துப் புட்டியும் செய்தி ஏடும்

நோயுற்றவன் நம்பிக்கை தேடுகிறான். அந்த நம்பிக்கையை விலைபேசி விற்கிறான் போலி மருந்து வணிகன். அவனுக்காக முரசறைபவன் யார்? உண்மை உரைப்பேன் என்று உறுதி கூறிப் புறப்பட்ட செய்தி ஏடு! இட்டுக்கட்டிய கதையன்று இது. அமெரிக்க நாட்டு வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அந்நாட்டு ஏடுகள் மருந்து விளம்பரங்களால் கொழுத்தன. சளி முதல் புற்றுநோய் வரை தீராத பிணியே இல்லையென்றன அவ்விளம்பரங்கள். புட்டிக்குள்ளே இருந்ததென்ன? 'பெருனா' என்னும் புகழ்பெற்ற மருந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு சாராயம்! அழும் குழந்தையை அமைதிப்படுத்த விற்ற பாகிலே மார்ஃபின்! மதுவை வெறுத்த மாந்தர் மருந்தென்று மதுவை அருந்தினர். பாசமிகு தாய்மார் தம் கையாலேயே நஞ்சூட்டினர்.

ஏடுகள் ஏன் வாய் திறக்கவில்லை? வாய்க்குப் பூட்டு விளம்பர ஒப்பந்தத்திலேயே இருந்தது. மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்படுமானால் ஒப்பந்தம் செல்லாது என்றது அதிலே ஒரு விதி. சட்டம் வந்தால் வருவாய் போகும். எனவே சட்டம் வராமற் காப்பது ஏட்டின் கடமையாயிற்று! எழுத்துரிமையைப் பறிக்க அரசின் அடக்குமுறை தேவைப்படவில்லை. வணிகனின் பணப்பை போதுமானதாக இருந்தது.

எனினும், இருளைக் கிழித்தவர்களும் இதழாளர்களே. 1892லேயே மருந்து விளம்பரங்களை மறுத்தது 'லேடீஸ் ஹோம் ஜர்னல்'. லிடியா பிங்காம் அம்மையாருக்கு மடல் எழுதி அறிவுரை பெறுமாறு விளம்பரங்கள் பெண்களை அழைத்தன. அம்மையார் மறைந்ததோ 1883இல்! 1905இல் அவருடைய கல்லறைப் படத்தை வெளியிட்டார் ஆசிரியர் எட்வர்டு பாக். படம் ஒன்று, உடைந்த பொய்கள் எத்தனை!

அதே ஆண்டு அக்டோபரில் 'காலியர்ஸ்' வார ஏட்டிலே சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் கட்டுரைத் தொடர் தொடங்கினார். வசைமாரி பொழியவில்லை அவர். மருந்துகளை ஆய்வுக்கு உட்படுத்தி, உள்ளிருப்பது இதுவென எடுத்துக் காட்டினார். மறைத்து வைத்த ஒப்பந்த விதியையும் 'காலியர்ஸ்' அம்பலமாக்கியது. மக்கள் விழித்தனர். 1906 ஜூன் 30 அன்று உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் பிறந்தது. சாராயம், அபின், கொக்கெய்ன் இருப்பின் புட்டியின் மேலே குறித்தாக வேண்டும் என்றது.

ஆனால், வென்றுவிட்டோம் என்று உறங்கிவிட முடிந்ததா? நோய் தீரும் என்ற பொய்யுரையை அச்சட்டம் தடுக்காதென்று 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1912இல் திருத்தம் தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இல் சட்டம் வந்தது. எனினும் தாயத்தும் தைலமும் இன்றும் விளம்பரத்திற்கு வருகின்றன!

தோழர்களே! சட்டம் வேலிதான், காவல் அறிவே. 'கண்டுபிடித்தோம்' என்று ஏடு கூறும்போது கேளுங்கள்: ஆய்ந்தவர் யார்? எத்தனை பேரிடம் ஆய்ந்தார்? பணம் தந்தவர் யார்? விடை கூறும் ஏட்டை வளர்ப்போம். வினாவுக்கு அஞ்சும் ஏட்டை விலக்குவோம்!