கபாயோவா, யெகுவாவா? கிரெகோரியோ கோர்தேஸ் வழக்கில் மொழிபெயர்ப்பு

1901 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கார்ன்ஸ் மாவட்டத்தில் ஒரு துப்பாக்கிச்சூடு நடந்தது. தவறான மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 'ஹார்ஸ்' என்ற எளிய ஆங்கிலச் சொல்லை ஸ்பானிஷ் மொழியில் எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஆங்கிலத்தில் 'ஹார்ஸ்' என்பது குதிரை இனம் முழுவதற்கும் பொதுவான சொல். ஆண் குதிரை என்ற குறுகிய பொருளும் அதற்கு உண்டு. அகராதியில் அதற்கு நேராக 'கபாயோ' என்ற ஸ்பானிஷ் சொல் இருக்கும். கபாயோவும் இனப்பெயராக வருவதுண்டு. ஆனால் ஒருவர் வாங்கிய அல்லது விற்ற ஒரு குறிப்பிட்ட விலங்கைப் பற்றிப் பேசும்போது கபாயோ என்றால் ஆண் குதிரை. பெண் குதிரைக்கு 'யெகுவா' என்று தனிச்சொல் இருக்கிறது. பண்ணை மக்கள் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. தமிழில் "மாடு விற்றாயா?" என்று கேட்டால் பசுவை விற்றவர் "ஆம்" என்பார். "காளை விற்றாயா?" என்று கேட்டால் அவரே "இல்லை" என்பார். இரண்டும் உண்மைதான்.

கிரெகோரியோ கோர்தேஸ் 1875-இல் மெக்சிகோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் குடும்பத்துடன் டெக்சாசுக்கு வந்து, பின்னர் அண்ணன் ரோமால்டோவுடன் கார்ன்ஸ் மாவட்டத்தில் பயிர்த்தொழில் செய்தார். அப்போது பக்கத்து மாவட்டத்தின் குதிரைத் திருடன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார் ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) மோரிஸ். அண்மையில் கோர்தேசுடன் குதிரை மாற்றிக்கொண்டு ஒரு பெண் குதிரையைப் பெற்றதாக வில்லாரியால் என்பவர் கூறவே, மோரிஸ் நேரே கோர்தேஸ் வீட்டுக்குச் சென்றார். மோரிசுக்கு ஸ்பானிஷ் தெரியாது. கோர்தேசுக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்க உடன் வந்தவர் துணைக் காவலர் பூன் சோட். ஸ்பானிஷ் நன்கு அறிந்தவர் என்று அவருக்குப் பெயர்.

கபாயோ எதையாவது மாற்றிக்கொண்டாயா என்று சோட் கேட்டார். கோர்தேஸ் கொடுத்தது யெகுவா. ஆகவே "இல்லை" என்றார். வில்லாரியால் சொன்னதற்கு நேர்மாறான இந்தப் பதில் ஷெரிஃபின் காதில் பொய்யாக விழுந்தது. "கபாயோவோ யெகுவாவோ" என்று இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டிருந்தால் உண்மை அங்கேயே வெளிவந்திருக்கும்.

சோட்டின் தடுமாற்றம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. இந்த வழக்கை ஆராய்ந்த அமெரிக்கோ பரேதெஸ், முன்னும் பின்னும் நடந்த வேறு இரண்டைக் குறிப்பிடுகிறார். ஷெரிஃப் வந்ததும் ரோமால்டோ தம்பியிடம் "தே கியேரென்" என்றார். "உன்னைக் கேட்கிறார்கள்" என்பதற்கு வழக்கமான பேச்சு அது. சோட் அதை ஆங்கிலத்தின் 'வான்டட்' ஆக்கிக்கொண்டார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'அழைக்கப்படுபவர்' என்றும் 'காவல்துறையால் தேடப்படும் குற்றவாளி' என்றும் இரு பொருள் உண்டு. இரண்டாவது பொருளுக்கு ஸ்பானிஷில் 'தேடு' எனப் பொருள்படும் 'புஸ்கார்' என்ற வேறு வினைச்சொல் இருப்பது அவருக்குத் தோன்றவில்லை. பிறகு, கைது செய்யப்போவதாகச் சொன்னபோது, ஒன்றுமில்லாததற்குத் தன்னைக் கைது செய்ய முடியாது என்றார் கோர்தேஸ். 'ஒன்றுமில்லை' என்னும் 'நாதா', 'எவருமில்லை' என்னும் 'நாதியே' ஆகிவிட்டது. தன்னை எவராலும் கைது செய்ய முடியாது என்று அவர் சவால் விட்டதாகச் சோட் புரிந்துகொண்டார்.

மோரிஸ் துப்பாக்கியை எடுத்து ரோமால்டோவைச் சுட்டார். கிரெகோரியோவையும் சுட்டார், குறி தவறியது. கிரெகோரியோ திருப்பிச் சுட்டதில் மோரிஸ் இறந்தார். அதன்பின் பத்து நாள் வேட்டை. கோர்தேஸ் நூறு மைலுக்கு மேல் நடந்தும் நானூறு மைலுக்கு மேல் குதிரையேறியும் மெக்சிகோ எல்லையை நோக்கி ஓடினார். அப்போது அவர் ஏறியவையும் பெண் குதிரைகளே! வழியில் நடந்த மோதலில் குளோவர் என்ற மற்றொரு ஷெரிஃப் இறந்தார். கோர்தேசின் மனைவியும் பிள்ளைகளும் சிறையில் அடைக்கப்பட்டனர். தொடர்பே இல்லாத மெக்சிக்க மரபினர் பலர் கொல்லப்பட்டனர். ஜூன் 22 அன்று, தம் பிறந்தநாளில், கோர்தேஸ் பிடிபட்டார். காயமடைந்த ரோமால்டோ சிறையிலேயே இறந்தார்.

வழக்குகள் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மோரிசைக் கொன்ற வழக்கில் முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. 1904-இல் கார்பஸ் கிறிஸ்டி நகர நடுவர் குழு அவரை விடுவித்தது: ஷெரிஃபிடம் பிடியாணை இல்லை, அதிகாரமற்ற கைதை எதிர்த்து அவர் தற்காப்புக்காகவே சுட்டார் என்பது அதன் முடிவு. எனினும் குளோவர் வழக்கில் ஆயுள் தண்டனை நிலைத்தது. 1913-இல் ஆளுநர் கோல்க்விட் மன்னிப்பு வழங்க, கோர்தேஸ் வெளியே வந்து மூன்றே ஆண்டுகளில், 1916-இல் இறந்தார்.

எல்லைப்புற மக்கள் இக்கதையைக் 'கொர்ரிதோ' எனப்படும் கதைப்பாடலாகப் பாடினர். அப்பாடலையும் வழக்கையும் ஆராய்ந்து பரேதெஸ் எழுதிய நூல் 1958-இல் வந்தது. அதைத் தழுவி 1982-இல் எடுக்கப்பட்ட திரைப்படத்தில் ஸ்பானிஷ் உரையாடல்களுக்குத் துணைவரிகள் வேண்டுமென்றே தரப்படவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த பார்வையாளர், கோர்தேஸ் உண்மையில் என்ன சொன்னார் என்பதைப் படத்தின் பிற்பகுதி வரும்வரை தெரிந்துகொள்ள முடியாது.