கைக்கடிகாரமும் திசைகாட்டியும் வைத்துப் போட்ட ஒரு கணக்கு



போன வாரம் ஒரு பழைய மாணவன் போனில் பேசினான். "சார், வேகம், நேரம், தூரம்னு எத்தனை கணக்கு போட வெச்சீங்க! ஒண்ணுகூட இதுவரைக்கும் உதவலை சார்" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு, இதே கணக்கைப் போட்டுத் தன் ஆட்களைக் கடலுக்கு மேல் கூட்டிப் போன ஒரு மனிதரின் நினைவு வந்தது. கணக்கு வாத்தியாருக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காமல், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1943 ஏப்ரல். இரண்டாம் உலகப் போர். பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலை, ஆறு மாதச் சண்டைக்குப் பிறகு, அமெரிக்கர்கள் பிப்ரவரியில்தான் முழுவதுமாகக் கைப்பற்றியிருந்தார்கள். சேறு, கொசு, மலேரியா. அங்கே முகாமிட்டிருந்தது அமெரிக்க இராணுவ விமானப் படையின் 339வது போர் விமான ஸ்குவாட்ரன். 1942 அக்டோபரில் உருவான புதிய பிரிவு. அதன் தலைவர் மேஜர் ஜான் மிட்செல். அவர்களிடம் இருந்தது பி-38 லைட்னிங், இரண்டு எஞ்சினும் இரட்டை வாலும் கொண்ட விமானம்.

ஏப்ரல் 14 அன்று ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்தி ஒன்றை அமெரிக்கர்கள் இடைமறித்துப் படித்துவிட்டார்கள். கூட்டுக் கடற்படையின் தளபதி அட்மிரல் இசோரோகு யாமாமோட்டோ, 18ஆம் தேதி காலை 6 மணிக்கு ரபௌலில் புறப்பட்டு, 8 மணிக்குப் பூகன்வில் தீவுக்குப் பக்கத்தில் உள்ள பலாலே என்ற சிறு தீவில் இறங்குவார். முன்னணியில் உள்ள வீரர்களைப் பார்த்து உற்சாகப்படுத்துவதற்கான பயணம்.

பெர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்டவர் இந்த யாமாமோட்டோதான். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதும், சென்னை மக்களை மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓட வைத்ததும் அவர் தலைமையில் இருந்த கடற்படையின் கப்பல்கள்தான். இன்னொரு பக்கமும் உண்டு. ஹார்வர்டில் படித்தவர், வாஷிங்டனில் தூதரகப் பணியில் இருந்தவர், அமெரிக்காவோடு போர் வேண்டாம் என்று முதலில் எச்சரித்தவரும் அவரே.

அவரை நடுவானில் சுட்டு வீழ்த்த வேண்டும் என்று மிட்செலுக்கு உத்தரவு வந்தது. இனி கணக்கைப் பாருங்கள்.

ஜப்பானியர்கள் எங்கே இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே பின்பற்றுவார்கள். குவாடல்கனால் நேரம் அதைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அதை முதலில் மாற்ற வேண்டும். வழியில் உள்ள தீவுகளில் எதிரியின் கண்கள் இருந்தன. அதனால் நேராகப் போகாமல் கடல் பக்கமாக ஒதுங்கி, சுற்றிப் போக வேண்டும். 400 மைலுக்கு மேல். நமக்குப் புரியும்படி சொன்னால், சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை. ரேடார் கண்ணில் படாமல் இருக்க, கடல் மட்டத்திலிருந்து 50 அடி உயரத்தில், அதாவது ஒரு தென்னை மர உயரத்தில் பறக்க வேண்டும். ரேடியோவில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வழி கேட்க ஆளில்லை, அடையாளம் பார்க்க மலையில்லை, எல்லாப் பக்கமும் தண்ணீர். திசை ஒரு டிகிரி தவறினால், 400 மைல் முடிவில் கிட்டத்தட்ட 7 மைல் விலகிப் போயிருப்பார்கள்.

விமானத்தில் இருந்த திசைகாட்டியை நம்பாமல், கப்பலில் பயன்படும் பெரிய திசைகாட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டார் மிட்செல். அதுவும் வேகமானியும் கைக்கடிகாரமும்தான் அவருக்குத் துணை. யாமாமோட்டோ நேரம் தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். அதையும் கணக்கில் சேர்த்து, சந்திக்கும் நேரம் 9.35 என்று குறித்தார்.

அவ்வளவு தூரம் போய்த் திரும்பப் பெரிய பெட்ரோல் டாங்க் வேண்டும். நியூ கினியாவிலிருந்து அவற்றை அவசரமாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பொருத்தியவர்கள் மெக்கானிக்குகள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிட்செலின் ஸ்குவாட்ரனோடு தோழமைப் பிரிவுகளின் விமானிகளும் சேர்ந்திருந்தார்கள். 18 விமானங்களில் ஒன்றின் டயர் ஓடுபாதையிலேயே வெடித்தது. இன்னொன்றுக்கு டாங்க்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை. மீதி 16. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, வெயிலில் வெந்துகொண்டு, அலைகளை உரசியபடி பறந்தார்கள். தூக்கம் வராமல் இருக்க ஒருவர் கடலில் தெரிந்த சுறாக்களை எண்ணிக்கொண்டே போனாராம்.

பூகன்வில் கரையை நெருங்கியபோது மணி 9.34. ஒரே ஒரு நிமிடம் முன்னதாக! அதே நேரத்தில் ஜப்பானிய விமானங்களும் வந்துகொண்டிருந்தன. ஒரு குண்டுவீச்சு விமானத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் இரண்டைக் கண்டார்கள், காவலுக்கு 6 ஜீரோ விமானங்கள்.

12 விமானங்கள் காவலுக்காக மேலே ஏறின. லான்ஃபியர், பார்பர், ஹோம்ஸ், ஹைன் என்ற நால்வர் தாக்கப் போனார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. யாமாமோட்டோ இருந்த விமானம் காட்டுக்குள் விழுந்தது. அதிலிருந்த 11 பேரும் இறந்தார்கள். மற்றொன்று கடலில் விழுந்தது. அதில் மூவர் மட்டும் பிழைத்தார்கள். அமெரிக்கர்களில் ரேமண்ட் ஹைன் திரும்பவில்லை. அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதை உறுத்துகிறது.

தரையிறங்கும் முன்பே, யாமாமோட்டோவை வீழ்த்தியது தான்தான் என்று லான்ஃபியர் ரேடியோவில் அறிவித்துவிட்டார். பார்பரோ, அந்த விமானத்தின் பின்னால் போய்ச் சுட்டது தான் என்றார். அவருடைய விமானத்தில் நூறுக்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள். அன்று முறையான விசாரணை எதுவும் நடக்கவில்லை. சங்கேதத்தைப் படித்த ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று எல்லாமே மூடி மறைக்கப்பட்டது. யாமாமோட்டோ இறந்ததை ஜப்பானே மே 21 அன்றுதான் தன் மக்களுக்குச் சொன்னது.

போர் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் இந்தச் சண்டை நீண்டது. விமானப் படை ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டது. காட்டில் கிடந்த விமானத்தின் சிதைவுகளில் பின்பக்கத்திலிருந்து பாய்ந்த குண்டுகளின் தடயம் இருந்தது. மிட்செலும் பிற்காலத்தில் பார்பர் பக்கமே நின்றார். ஆனாலும் வழக்கு தீரவில்லை. 1987இல் லான்ஃபியர் போனார், 1995இல் மிட்செல், 2001இல் பார்பர். 339வது ஸ்குவாட்ரன் அதன்பின் பிலிப்பைன்ஸ் வரை போய்ப் போரிட்டது. ஆனால் அதன் பெயரை எடுத்தாலே இன்றும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சுட்டது யார்?" என்பதுதான்.

வழி கண்டுபிடித்தவரை, டாங்க் மாட்டியவர்களை, மேலே காவல் நின்ற 12 பேரை, திரும்பி வராத ஹைனை யார் கேட்கிறார்கள்?

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு முறை அறிவியல் கண்காட்சிக்கு மூன்று பையன்கள் சேர்ந்து ஒரு மாதிரி செய்தார்கள். கணக்கு முழுவதையும் போட்டவன் வாய் பேசாத பையன். மேடையில் விளக்கியவன் இன்னொருவன். பரிசு கொடுக்கும்போது பேசியவன் பெயரை மட்டும் வாசித்தேன். மற்ற இருவரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, அன்று உன் பெயரையும் வாசித்திருக்க வேண்டும். வாத்தியார் தப்புப் பண்ணிவிட்டேன்.

போனில் பேசிய மாணவனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கு உனக்கு உதவாமல் போயிருக்கலாம் அப்பா. அதை நம்பி உன் பின்னால் 15 பேர் வருகிற நாள் வந்தால் தெரியும். அதுவரை, உன் வேலைக்குப் பின்னால் இரவெல்லாம் டாங்க் மாட்டியவர் யார் என்று மட்டும் யோசித்துப் பார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.