பெண்பால்: ஒரு பகுப்பின் கதை

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்று வரும் இடங்களில் உயிரியல் ரீதியான பெண் என்றே பொருள்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கை நடத்தியது ஸ்காட்லாந்துப் பெண்களின் அமைப்பொன்று. பாலின விமர்சனப் பெண்ணியர் என்று அறியப்படும் இவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: பால் என்பது உடல் சார்ந்த மெய்ம்மை. பாலினம் என்பது அதன்மேல் சமூகம் சுமத்திய ஒழுங்கு. பெண் ஒடுக்கப்படுவது உடலை முன்னிட்டு. மனத்தால் தன்னைப் பெண்ணென்று உணர்கிறவரையும் சட்டம் பெண்ணென்று எழுதிக்கொண்டால், அந்த ஒடுக்குமுறையைச் சுட்ட ஒரு பெயர்கூட மிஞ்சாது.

இதைச் சொன்னதற்காக வேலையிழந்தோம் என்பது அவர்களுடைய இரண்டாவது புகார். மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கில் 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இந்த நம்பிக்கையும் சட்டப் பாதுகாப்புக்கு உரியதே என்றது. அதே ஆண்டு அக்டோபரில் தத்துவப் பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக் மாணவர் எதிர்ப்புக்கு நடுவே சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

இங்கே நம் நண்பர்கள் சிலர் ‘அது வெள்ளைக்காரன் ஊட்டுச் சண்டை, நமக்கென்ன’ என்கிறார்கள். வேறு சிலர் அங்குள்ள முழக்கங்களை அப்படியே தமிழாக்கி இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெண் யார் என்ற கேள்விக்குத் தமிழில் நீண்ட கணக்கு வழக்கு இருப்பதை இரண்டு தரப்புமே மறந்துவிட்டுப் பேசுகிறது. அந்தக் கணக்கை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

‘பால்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். உயிரியலின் சொல்லாக இன்று நாம் புழங்கும் இது இலக்கணத்தின் சொல். பகுப்பு என்று பொருள். தொல்காப்பியம் பால்களை ஐந்தாக வகுக்கிறபோது ஆண்பாலையும் பெண்பாலையும் உயர்திணைக்கு மட்டுமே ஒதுக்குகிறது. விலங்குகளில் ஆணும் பெண்ணும் உண்டென்று தொல்காப்பியருக்குத் தெரியாமலில்லை. மரபியலில் பிடி, பிணை, மந்தி, அளகு என்று பெண்விலங்குப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். ஆனால் பசு ‘வந்தது’தான், ‘வந்தாள்’ ஆகாது. சினைப்படுகிறது, ஈனுகிறது, பால் சுரக்கிறது. உயிரியல் கேட்கும் அத்தனை சான்றும் அதனிடம் இருந்தும் பெண்பால் அதற்கு இல்லை.

அதே இலக்கணம் பேடியைப் பற்றி என்ன சொல்கிறது? ஆண்மை திரிந்த பெயர்களுக்கெனத் தனி ஈறு கிடையாது, அவை உயர்திணைப் பால்களின் ஈறுகளையே கொள்ளும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவது ஆண்பால். விருப்பம்தான் அவருடைய அளவுகோல். ஈனுகிற பசுவுக்கு இல்லாத பெண்பால் ஈனாத பேடிக்குக் கிடைத்திருக்கிறது. பெண்பால் என்பது கருப்பையின் பெயராக இங்கே இருந்ததில்லை. மனிதக் கூட்டத்துக்குள் ஒருவருக்குத் தரப்படும் இடத்தின் பெயராக இருந்தது.

‘பார்த்தீர்களா, பண்டைத் தமிழன் எவ்வளவு முற்போக்கு!’ என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம். அதே சூத்திரத்தின் கடைசி அடியில் பவணந்தி ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறார்: இவை அஃறிணை போலவும் ஆகலாம். தெருவில் இன்றும் ‘அது வருது பார்’ என்று கை நீட்டுகிறவன் நன்னூல் படித்தவனல்ல. ஆனாலும் அவன் நுழைவது அந்தக் கதவு வழியாகத்தான். பால் வழங்குகிற அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவரிடமே அதைப் பறிக்கிற அதிகாரமும் இருக்கிறது.

மணிமேகலை இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவள் தத்துவம் கேட்கப் போகிறாள். இளம்பெண் என்று கண்டால் ஒருவனும் தன் கோட்பாட்டைச் சொல்லமாட்டான் என்று தெய்வம் முன்பே எச்சரித்திருக்கிறது. ஆகவே மந்திரத்தால் ஒரு மாதவனின் வடிவெடுத்துக் கேட்கிறாள். ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி எல்லோரும் கொட்டித் தீர்க்கிறார்கள். பிறகு கச்சிமாநகர் வந்து அறவண அடிகளைக் காண்கிறபோது, அந்த ஆண் வடிவம் எப்படித் தனக்கு ஒட்டவில்லையோ அப்படியே அந்தச் சமயங்களும் ஒட்டவில்லை என்கிறாள். கேட்கும் உரிமையும் பேசும் உரிமையும் உடலைப் பார்த்து அளக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான இலக்கியச் சாட்சி எனக்குத் தெரியவில்லை. வடிவத்தை மாற்றினாலும் பெண்ணாகக் கழித்த வாழ்வின் அறிவு மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பாலின விமர்சனப் பெண்ணியர் வற்புறுத்தும் ‘பெண்ணாக வாழ்ந்த அனுபவம்’ என்பது வெறும் கற்பனையல்ல.

வெறும் கற்பனையல்ல என்பதற்குக் காப்பியம் வரைக்கும் போக வேண்டியதுமில்லை. தென்னேரி ஏரிப் பாசனத்தில் நடவுக்கு இறங்குகிறவளுக்கும், காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு ‘நெய்தவர்’ கணக்கில் வராமல் போகிறவளுக்கும் தெரியும். உசிலம்பட்டியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது 1986இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994இல் கருவின் பாலறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு 2001 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். கள்ளிப்பால் ஊற்றியவர்கள் அந்தச் சிசு தன்னை என்னவாக உணரும் என்று கேட்கவில்லை. உறுப்பைப் பார்த்தார்கள், முடிவு செய்தார்கள். பாலை உடலிலிருந்து முழுக்கக் கழற்றிச் சொல்லாடலாக்கி ஆவியாக்கிவிடும் நம்மூர்ப் பின்நவீனத்துவ நண்பர்கள் இந்த 851க்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

பெரியாரும் உடலில்தான் கைவைத்தார். கர்ப்பத்தடையை மக்கள்தொகைக்காகவோ தாயின் ஆரோக்கியத்துக்காகவோ மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெண்ணின் விடுதலைக்காகவே பிள்ளைப்பேறு நிற்கட்டும் என்றார். ஆனால் அதே மனிதர் ‘ஆண்மை’ என்ற சொல்லே உலகில் அழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலையில்லை என்றும் எழுதினார். கருப்பையை அவர் ஒடுக்குமுறையின் இடமாகக் கண்டார், பெண்ணின் இலக்கணமாக அல்ல. பிள்ளை பெறாதவள் பெண்ணல்ல என்று ஊர் சொன்னதைத்தானே அவர் எதிர்த்தார். இடத்துக்கும் இலக்கணத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் லண்டன் விவாதத்தில் தொலைந்துபோயிற்று என்பது என் எண்ணம்.

தொலைந்தால் என்ன ஆகும்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பால் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சோதனை எதற்கு என்றே தன்னிடம் சொல்லவில்லை என்று பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. அவர் ஆணாக இருந்து பெண்ணாக மாறியவரல்ல. பெண்ணென்று பிறப்பில் சொல்லப்பட்டு, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். ‘உயிரியல் பெண்’களைக் காக்க வைத்த வேலி குத்தியது அவரைத்தான்.

இது விதிவிலக்கு என்பார்கள். 1968 தொடங்கி 1999 வரை ஒலிம்பிக்கில் வீராங்கனைகளுக்கு நடந்த குரோமோசோம் சோதனை கைவிடப்பட்டதே இப்படிப்பட்ட ‘விதிவிலக்கு’களால்தான். தேறியவர்களுக்குப் பெண்மைச் சான்றிதழ் என்றே ஒன்று கொடுத்தார்கள்! ஸ்பெயினின் மரியா மார்டினெஸ் பட்டினோ 1985இல் அதில் சிக்கினார். 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனையாக அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது.

மைதானத்துக்கு வெளியிலும் இதுதான் நடந்தது. கரூரில் பெண் காவலராகச் சேர்ந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனையில் திருநங்கை என்று ஆயிற்று எனச் சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள். அவரும் பெண்ணாகப் பதிவாகிப் பெண்ணாக வளர்ந்தவர். உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014 ஏப்ரல் 15இல் வந்தது. இரண்டே நாள் கழித்து, 17ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நாகமுத்து அந்த நீக்கத்தை ரத்து செய்தார். நங்கை வழக்கு என்று அதற்குப் பெயர். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையின் நீதிபதி சுவாமிநாதன் இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார். அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளை அறுத்து ஒரு பாலுக்குள் தள்ளும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் தடை கேட்டார். அந்த ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விலக்கு. பால் இயற்கை என்றால் அதைக் கத்தி வைத்துச் சரிசெய்ய வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பாலின விமர்சனப் பெண்ணியம் இன்னும் நேராக முகம்கொடுக்கவில்லை. பிரிட்டன் தீர்ப்பும், மாறிய பாலினத்தவருக்குப் பாகுபாட்டிலிருந்து வேறு பிரிவுகளின் கீழ்ப் பாதுகாப்பு உண்டென்றுதான் சொல்கிறது. கழிப்பறை வாசலில் யாரை யார் நிறுத்தி, எதைக் காட்டச் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அங்கே முதலில் நிறுத்தப்படப் போகிறவள் கொஞ்சம் உயரமான, மீசை அரும்பிய, கருத்த, கட்டான உழைப்பாளிப் பெண்தான்.

இனிக் கருத்துரிமை. இங்கே பெண் தன் உடலைப் பற்றிப் பேசியதற்குக் கிடைத்தது என்ன? குட்டி ரேவதி 2002இல் தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததும் நடந்த வசைகளும் மிரட்டல்களும் இப்பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்தவை. 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் கருத்துச் சொன்ன குஷ்புமேல் இருபதுக்கும் அதிகமான வழக்குகள் போட்டார்கள். துடைப்பமும் செருப்புமாகத் திரண்டார்கள். உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்ய 2010 ஏப்ரல் ஆயிற்று. அப்போது ஊர்வலம் போனவர்களில் நம் ‘முற்போக்கு’ வட்டத்துக்கு நெருக்கமானவர்களும் உண்டு. பேசுகிறவளின் வாயை அடைப்பது எப்படியிருக்கும் என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எனவே பாலின விமர்சனப் பெண்ணியரைப் பேசவிடாதே என்று யாராவது கிளம்பினால் நான் அந்தப் பக்கம் இல்லை. அவர்கள் பேசட்டும், பேசினால்தானே மறுக்க முடியும். ஆனால் பேச்சுரிமை என்றால் ஒருவரை அவர் முகத்துக்கு நேரே ‘அவன்’ என்று கூப்பிடும் உரிமை என்று சுருக்கிவிட்டால், அது பவணந்தியின் கொல்லைக் கதவுதான், வேறல்ல.

இன்னொன்று. இந்த விவாதத்தில் திருநங்கையர் எப்போதும் பேசப்படும் பொருளாகவே இருக்கிறார்கள், பேசுகிறவர்களாக இல்லை. ஆனால் தமிழில் அவர்கள் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகளாகிவிட்டன. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2005இல் வந்தது, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல். கேத்லீன் ஸ்டாக்கை மொழிபெயர்க்க விரும்பும் நண்பர்கள் தாராளமாகச் செய்யட்டும். அதே இதழில் நங்கை வழக்கின் தீர்ப்பையும் முழுசாகத் தமிழாக்கிப் போடட்டும். ரேவதியிடமும் வித்யாவிடமும் எதிர்வினை கேட்டு வாங்கி, மறு இதழுக்குத் தள்ளாமல் பக்கத்திலேயே அச்சிடட்டும்.