கடலூரில் ஒரு மேக்பத்: தளபதி லாலியின் கதை

ஷேக்ஸ்பியரின் மேக்பத் நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் வருவார்கள். (பம்மல் சம்பந்த முதலியார் இதை 'மகபதி' என்று தமிழில் ஆக்கியிருக்கிறார்.) "நீ காடர் என்ற ஊருக்குத் தலைவன் ஆவாய், பிறகு அரசனாவாய்" என்று மேக்பத்திடம் சொல்வார்கள். சொல்லிச் சற்று நேரத்திலேயே காடர் பட்டம் தேடி வரும். அங்கேதான் சனி பிடிக்கிறது! முதல் வாக்கு பலித்ததால் மற்றதும் பலித்தே தீரும் என்று நம்பிவிடுகிறான். பிறகு இல்லாத கத்தி கண்ணுக்குத் தெரிகிறது, செத்தவன் விருந்தில் வந்து உட்காருகிறான்.

இதே கதை 1758 ல் கடலூரில் நிஜமாகவே நடந்தது. மேக்பத் இடத்தில் இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி.

அயர்லாந்து வம்சத்தில் வந்தவர். ஆங்கிலேயர் என்றாலே ஆகாது. 1745 ஃபோன்டெனாய் போரில் அவர்களை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் வாங்கியவர். இந்தியாவில் ஒரு ஆங்கிலேயர்கூட மிஞ்சக்கூடாது என்பதுதான் அவருடைய ஆசை. 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கியவர், அன்றிரவே கடலூருக்குப் படையை அனுப்பிவிட்டார். வழியும் சரியாகத் தெரியாது, சாப்பாட்டுக்கும் ஏற்பாடில்லை. சுமை தூக்க ஆள் இல்லை என்று புதுச்சேரி மக்களை, யார் எவர் என்று பார்க்காமல், பிடித்து வந்து தூக்க வைத்தார். ஊரே வெறுத்தது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை சாதாரணமானதல்ல. 1690 ல் ஆங்கிலேயர் இதை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1746 ல் சென்னை பறிபோனபோது ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம். டூப்ளே முயன்றும் பிடிக்க முடியாத கோட்டை, ஜூன் 2 அன்று லாலியிடம் சரணடைந்தது. கொள்ளிடம் முகத்துவாரத்தில், சிதம்பரத்துக்குத் தெற்கே இருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் சண்டை போடாமலே விட்டுப் போனார்கள்.

இதுதான் லாலியின் 'காடர் பட்டம்'.

கோட்டைக்குள் படை குறைவு, உதவிக்கு ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவில்லை. ஜெயித்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு. லாலி அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோட்டையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, அடுத்து சென்னை என்றார். ஆனால் கையில் காசில்லை.

அப்போதுதான் ஒரு காகிதம் நினைவுக்கு வந்தது. 1749 ல் தஞ்சை ராஜா பிரதாப் சிங், சந்தா சாகிப்பின் நெருக்கடியில் எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய் பத்திரம், பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஒன்பது வருடமாக வராத பணம்! மேக்பத்துக்குக் காற்றில் கத்தி தெரிந்தது போல லாலிக்கு அந்தக் காகிதத்தில் பணம் தெரிந்தது. தஞ்சைக்குப் புறப்பட்டார். வழியில் கீவளூர் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அங்கிருந்த பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். எந்த வேகத்தாலும் நியாயப்படுத்த முடியாத கொடுமை இது. அக்கம்பக்கத்துக் கிராமங்கள் உணவு தர மறுத்தன. தஞ்சைக் கோட்டை முன்னால் வெடிமருந்து தீரும் நிலை. கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் தோற்ற செய்தி வர, ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்.

அதற்குள் இன்னொரு தவறும் செய்திருந்தார். ஹைதராபாத்தில் நிஜாமையே கைக்குள் வைத்திருந்த புஸ்ஸியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கையில் இருந்த நிஜத்தை விட்டுவிட்டுக் கனவைப் பிடிக்கப் போனது என்றால் இதுதான்.

பிறகு எல்லாம் சரிவுதான். 1759 பிப்ரவரியில் சென்னை முற்றுகையைக் கைவிட்டார். 1760 ஜனவரி 22 வந்தவாசியில் தோல்வி. பிரெஞ்சுப் படை அரண் போலப் பயன்படுத்தி வந்த சிதம்பரம் கோயிலும் அதே வருடம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, கடலூரும் போனது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. லாலி செய்தது போலவே ஆங்கிலேயரும் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பிரான்சில் லாலி மீது துரோகக் குற்றம் சாட்டினார்கள். அவர் துரோகி அல்ல, அவசரக்காரர். ஆனாலும் 1766 மே 9 அன்று, வாயை அடைத்து அழைத்துப் போய்த் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவருக்காக வாதாடி எழுதினார். 1778 ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

அந்த வழக்கை விடாமல் நடத்திய மகன் பிற்காலத்தில் ஒரு சோக நாடகம் எழுதினார். கதாநாயகன் இங்கிலாந்தின் ஸ்ட்ராஃபர்ட் பிரபு. அரசனுக்காக உழைத்து, அந்த அரசனே கையெழுத்திட்டு 1641 ல் தலை வெட்டப்பட்டவர்.