தன்னைத் தாக்காத படை: ஒரு நூற்றாண்டுத் தேடலின் வரலாறு



சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை, காலையில் விரல்களை மடக்க முடியாமல் உளூச் செய்யச் சிரமப்படும் உம்மா, ஆண்டுக்கணக்கில் தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் சகோதரி: இவர்களில் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. இவர்களைப் பார்த்து, "உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, அதனால்தான்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. எதிர்ப்புச் சக்தி இல்லாததால் அன்று, அது தன் சொந்த உடலையே பகையாகக் கருதித் தாக்குவதால்தான் முதல் வகை நீரிழிவும், முடக்குவாதமும், தைராய்டு நோய்களில் பலவும் உண்டாகின்றன.

அப்படியானால், நம்மில் பெரும்பாலோரை அந்தப் படை ஏன் தாக்குவதில்லை? இக்கேள்விக்கு விடை தேடியதற்காகவே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. அந்தத் தேடலின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

ராஸியின் கேள்வி

நோயெதிர்ப்பு பற்றிய சிந்தனை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ரய் நகரில் பிறந்த அபூபக்ர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூலே எழுதினார். பெரியம்மை பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே வருவது ஏன், வந்து தேறியவருக்கு மீண்டும் வராதது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். பிஞ்சு நிலையிலுள்ள இரத்தம் பொங்கிப் பக்குவமடைவதே அந்நோய் என்பது அவர் தந்த விளக்கம். அவ்விளக்கம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை, கேள்வி நிலைத்தது. பிழையான விடையைத் தந்தவரையும் மதித்து, சரியான கேள்வியை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே இல்முடைய மரபு.

1900ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் மற்றொரு புதிரைக் கண்டார். ஆட்டின் உடலில் வேறோர் ஆட்டின் இரத்த அணுக்களைச் செலுத்தினால், அவற்றை அழிக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாயின. அதே ஆட்டின் சொந்த இரத்த அணுக்களுக்கு எதிராக அவை உண்டாகவில்லை. தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சுகிறது என்று அவர் முடிவு செய்தார். அவருடைய பெயருக்கிருந்த மதிப்பினால், உடல் தன்னைத் தாக்குவது நடக்கவே நடக்காது என்று பல மருத்துவர்கள் நம்பிவிட்டனர். 1956ஆம் ஆண்டில்தான், ஹஷிமோட்டோ எனப்படும் தைராய்டு நோயில் நோயாளியின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைத்தது.

பயனற்றது எனக் கருதப்பட்ட சுரப்பி

நம் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சிறு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும் அதனைப் பயனற்ற எச்சமாகவே வெகுகாலம் கருதினர். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் நோயெதிர்க்கும் திறன் குன்றுவதைக் காட்டினார். நோயெதிர்ப்புப் படையின் முக்கிய வீரர்களான டி செல்கள் அங்கேதான் பக்குவமடைகின்றன. அவற்றின் பெயரிலுள்ள 'டி' என்பதே தைமஸைக் குறிக்கிறது.

எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே, எண்ணிலடங்கா வடிவங்களை அடையாளம் காணும் டி செல்கள் தற்செயலான சேர்க்கைகளால் உருவாகின்றன. அவற்றுள் சில நம் சொந்தத் திசுக்களையே பகையெனக் காணும். அத்தகையவற்றைத் தைமஸ் சோதித்து அழித்துவிடுகிறது. எர்லிக்கின் புதிருக்கு இதுவே விடை என்று பலரும் மனநிறைவடைந்தனர். ஆயினும் அச்சோதனையிலிருந்து தப்பிவிடும் செல்கள் ஆரோக்கியமான உடல்களிலும் இருந்தன. அவற்றைத் தடுப்பது யார்?

கைவிடப்பட்ட கருத்தும் கைவிடாத ஒருவரும்

1969இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் ஒரு வியப்பான சோதனை முடிவை வெளியிட்டனர். எலி பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை அகற்றினால், எதிர்ப்பாற்றல் குன்றுவதற்கு மாறாக, எலியின் சினைப்பை போன்ற உறுப்புகள் அழிந்தன. தடுக்கும் செல்கள் ஏதோ அந்தச் சுரப்பியிலிருந்து சற்றுத் தாமதமாக வெளிவருகின்றன என்பதை இது குறிப்பால் உணர்த்தியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கெர்ஷன், அடக்கும் டி செல்கள் என்ற கருத்தை முன்வைத்தார். எழுபதுகளில் அத்துறை பெருகியது. ஆனால் அக்கருத்துக்கு ஆதாரமாகக் கூறப்பட்ட ஒரு மரபணு, எண்பதுகளின் தொடக்கத்தில் தேடிப்பார்த்தபோது உரிய இடத்தில் இல்லை. துறை முழுவதும் அவப்பெயருக்கு உள்ளாயிற்று. பிழையான சான்றுகளோடு சேர்த்து, உண்மையான கேள்வியையும் பலர் தூக்கியெறிந்தனர்.

சகாகுச்சி எறியவில்லை. கியோட்டோவில் தம் மேற்படிப்பை விட்டுவிட்டு நிஷிசுகாவின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றவர் அவர். தைமஸ் அகற்றப்பட்ட எலிகளுக்கு, மரபணு ஒத்த வேறு எலிகளின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் அவை நோயிலிருந்து காக்கப்படுவதை அவர் கண்டார். காக்கும் செல்கள் உள்ளன என்பது உறுதி. ஆயினும் எண்ணற்ற டி செல்களுக்கிடையே அவற்றைப் பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அதற்கு அவர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1995இல் சிடி25 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் தாங்கிய செல்களே அவை என்று வெளியிட்டார். அச்செல்களை நீக்கிவிட்டு எஞ்சிய டி செல்களை மட்டும் செலுத்திய எலிகள் தன்னுடல் தாக்கு நோய்களுக்கு ஆளாயின. நீக்கியவற்றையும் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அவை பெயர் பெற்றன. அப்போதும் ஐயம் கொண்டோர் இருந்தனர்.

இருபதாவது மரபணு

மறுகரையிலிருந்து மற்றொரு சான்று வந்தது. நாற்பதுகளில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், செதில் உதிரும் தோலுடன் சில ஆண் எலிகள் பிறந்தன. சில வாரங்களிலேயே அவை இறந்தன. அவற்றின் டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கியழித்தது பின்னாளில் தெரியவந்தது. தொண்ணூறுகளில் பிரங்கோவும் ராம்ஸ்டெலும் அதற்குக் காரணமான மரபணுவைத் தேடத் தொடங்கினர். எக்ஸ் குரோமோசோமின் ஒரு சிறு பகுதிவரை தேடலைச் சுருக்கினர். அங்கே இருபது மரபணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சோதித்துச் சென்றபோது, இருபதாவதாகிய கடைசி மரபணுவில்தான் பிழை இருந்தது. அதற்கு ஃபாக்ஸ்பி3 எனப் பெயரிட்டனர்.

மனிதரில் அதே மரபணு பழுதுபட்டால், ஆண் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, பிறந்த சில காலத்திலேயே நீரிழிவு ஆகியவை கூடிய கொடிய நோய் உண்டாகிறது என்பதை 2001இல் நிறுவினர். இரண்டே ஆண்டுகளில், சகாகுச்சி கண்ட செல்களை உருவாக்கி ஆள்வது இந்த மரபணுவே என்பது உறுதியாயிற்று. இரு கரைகளும் இணைந்தன.

இன்று இவ்வறிவை மருந்தாக்கும் சோதனைகள் நடைபெறுகின்றன. தன்னுடல் தாக்கு நோயாளிகளிடமும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களிடமும் இச்செல்களைப் பெருக்க முயல்கின்றனர். புற்றுநோய்க் கட்டிகளோ இச்செல்களைத் தமக்குக் காவலாகத் திரட்டிக்கொள்கின்றன; அங்கே அவற்றைக் குறைக்க முயல்கின்றனர். கருவுற்ற தாயின் உடலிலும் இவை பெருகுகின்றன. தந்தையின் கூறுகளைச் சரிபாதி சுமந்த கருவைத் தாயின் படை அந்நியம் என்று தள்ளிவிடாதிருக்க இவை துணைபுரிகின்றன. கருவறையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும் 'ரஹ்மத்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதை நினைக்கையில் நம் நாவு தானாகவே சுப்ஹானல்லாஹ் என்கிறது.

நாம் பெறும் படிப்பினை

"இவையெல்லாம் முன்பே குர்ஆனில் உள்ளன" என்று அவசரப்பட்டு எழுதுவதை நாம் தவிர்க்க வேண்டும். இறைவேதம் ஆய்வறிக்கையன்று; அதன் உண்மை ஆய்வறிக்கைகளின் தயவில் நிற்பதும் அன்று. ஆயினும், சூரா அர்ரஹ்மான் நினைவூட்டும் மீஸான் என்னும் சமநிலையை வானில் மட்டுமன்றி நம் இரத்தத்திலும் காண இவ்வரலாறு உதவுகிறது. சினத்தை அடக்குபவனையே வீரன் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவையும் உண்டு. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் தன்னுடல் தாக்கு நோயாளிகளுக்கு மருத்துவரைக் கேளாமல் தருவதை நிறுத்துவோம். படையைப் பெருக்குவது அவர்களின் தேவையன்று. மருத்துவர் தந்த ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளையை ரமளானில் நோன்புக்கு வற்புறுத்தாமல், நோயாளிகளுக்கு அல்லாஹ் அளித்த சலுகையை முகமலர்ச்சியோடு ஏற்போம். கண்ணேறு உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும், நோயுற்ற பெண்ணையோ அவளைப் பெற்றவளையோ குறைகூறுவதும் மார்க்கம் கற்பித்த வழியல்ல. ஓதிப் பார்ப்பதும் மருந்து உண்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

முஃமின்களை ஒரே உடலுக்கு ஒப்பிட்ட நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். நம்மிடையே நோயுற்றிருப்போரின் வலியை நம் வலியாக உணரும் உள்ளத்தையும், நோய் தீர்க்கும் இல்மைத் தேடிச் செல்லும் பிள்ளைகளையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. நோயுற்றோர் யாவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.