இஸ்கந்தரிய்யாக் கால்வாயும் நைல் நதி வண்டலும்

துறைமுகங்களின் வரலாற்றை வாசிக்கும் நாம் கப்பல்களையும் வணிகர்களையும் மிகுதியாகச் சந்திக்கிறோம். தூர்வாரிய மனிதர்களை அரிதாகவே காண்கிறோம். அலெக்ஸாந்திரியா என்று நாம் பள்ளியில் பயின்ற இஸ்கந்தரிய்யாவின் வரலாறு அம்மனிதர்களின்றி முழுமை பெறாது.

அந்நகருக்குக் கடல் உண்டு, ஆறு இல்லை. அருகே ஓடிய நைலின் பழைய கிளை தூர்ந்துபோனபின், ரஷீத் கிளையிலிருந்து வெட்டப்பட்ட கால்வாயே அதற்குக் குடிநீரும் வணிகப் பாதையுமாயிற்று. மலபாரின் மிளகு செங்கடல் கடந்து, நைல் வழியே காஹிராவை அடைந்து, இக்கால்வாயினூடே வெனிஸ் வணிகரிடம் சேர்ந்தது.

ஆயின் நைலின் வெள்ளம் வளத்தோடு வண்டலையும் கொணர்வது. கால்வாய்க்குள் நுழைந்த நீர் வேகம் குன்றியதும் சேறு அடியில் தங்கிவிடும். தரை உயர உயர, வெள்ளம் வடிந்த மாதங்களில் ஆற்று நீர் உள்ளே ஏறாது, படகுகள் நிற்கும். இடைவிடாத தூர்வாரலே இதற்கு மருந்து. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது ஹிஜ்ரி 710இல் (கி.பி. 1310-11) கால்வாயைப் புதுப்பித்தபோது நாற்பதாயிரம் பேர் உழைத்ததாக அல்மக்ரீஸி எழுதுகிறார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது மீண்டும் தூர்ந்தது. ஹிஜ்ரி 826இல் சுல்தான் பர்ஸ்பாய் திரும்பவும் தோண்டுவித்தார், அதுவும் நிலைக்கவில்லை. வெட்டுவதில் காட்டிய ஆர்வத்தை அரசுகள் பராமரிப்பில் காட்டவில்லை என்றே நாம் கருதுகிறோம். பின்னர் சரக்குகள் ரஷீத் முகத்துவாரத்தின் ஆபத்தான மணல்திட்டைத் தாண்டிக் கடல்வழியே வரவேண்டியதாயிற்று.

1817இல் முஹம்மது அலீ பாஷா புதிய கால்வாய்க்கு ஆணையிட்டார். 1820இல் திறக்கப்பட்ட அது, உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பெயரால் மஹ்மூதிய்யா எனப்பட்டது. நீளம் எழுபது கிலோமீட்டருக்கும் அதிகம். கிராமங்களிலிருந்து கட்டாயமாகத் திரட்டப்பட்ட இலட்சக்கணக்கான உழவர்கள் அதனைத் தோண்டினர். பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் களைப்பாலும் மாண்டனர். விழுந்தவர்மீது, உயிர் பிரியுமுன்னரே, மண் தள்ளப்பட்டதாக அக்கால வரலாற்றறிஞர் அல்ஜபர்தி பதிவுசெய்துள்ளார். பாஷாவின் நவீனமயத்தைப் போற்றும் நூல்கள் பல இவ்வரிகளை விரைந்து கடந்துவிடுகின்றன.

பயன் பெரிதென்பதை நாம் மறுக்கவில்லை. 1798இல் பத்தாயிரம் பேர்கூட இல்லாதிருந்த இஸ்கந்தரிய்யா, அடுத்த அரை நூற்றாண்டில் இலட்சத்தைத் தாண்டியது. ரஷீத் துறைமுகம் தளர்ந்தது. எனினும் வண்டல் புதிய கால்வாயையும் விட்டுவைக்கவில்லை. தூர்வாரும் கடமை மீண்டும் உழவரையே சேர்ந்தது. 1850களில் இருப்புப்பாதை வந்து அதன் வணிகத்தைப் பங்கிட்டுக்கொண்டது. நகருக்குள் அக்கால்வாய் ஓடிய தடத்தில் 2020இல் அகன்ற சாலையொன்று திறக்கப்பட்டது. அதற்கும் மஹ்மூதிய்யா என்றே பெயர்.