மில் மெக்கானிக்கும் பஜார் மெக்கானிக்கும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் பி.இ. படிக்காமல், மல்டிமீட்டரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. ராஜபாளையத்தில் இவர்களுக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் மில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஜார். ராஜபாளையத்திலும் செல்போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்வது பொதுவான போக்கை.

முதலில் மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அவர் பெயரிலான பாலிடெக்னிக் 1963-ல் வந்தது. அந்தக் காலத்து மில்லுக்கு பிட்டரும் எலக்ட்ரீஷியனும் இருந்தால் போதும். இன்றைய நூல் மில் அப்படி ஓடாது. நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு சென்சார் இருக்கிறது. ஓடுகிற நூலில் தடிப்போ மெலிவோ கண்டால் கட்டர் அறுத்துவிடும், ஸ்பிளைசர் மறுபடி சேர்க்கும். ஒரு சென்சார் பழுதானால் ஒரு டிரம் நிற்கும், பரவாயில்லை. மெயின் போர்டு போனால் மெஷினே நிற்கும். ஷிப்ட் சூப்பர்வைசர் தலைமேல் வந்து நிற்பார்.

மில்லில் எலக்ட்ரானிக்ஸுக்குப் பெரிய எதிரி பஞ்சுத் தூசி. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் ஃபேனில் அது அடைத்துக்கொண்டால், சூடேறி டிரைவ் 'டிரிப்' ஆகும். டிஸ்ப்ளேயில் வரும் எரர் கோடைப் பார்த்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டுபவர் புதியவர். பழகியவர் முதலில் ஏர் அடித்துத் தூசியைத் தள்ளிவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார். மில் வேலையின் குறையும் இங்கேதான். கார்டை மாற்றப் பழகியவர் பலர். அதைத் திறந்து, போன பாகத்தைக் கண்டுபிடிப்பவர் சிலர். சிக்கலான கார்டென்றால் கம்பெனிக்குப் போய்விடுகிறது. பத்து வருஷம் ஒரே மெஷினோடு இருந்தவர் வெளியே வந்தால் மிக்ஸியைக்கூடத் தொடத் தயங்குவார்.

பஜார்க்காரருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. காலையில் இன்வெர்ட்டர், மத்தியானம் எல்.இ.டி. டிவி, ஆடிப்பூரத் தேரோட்டம் நெருங்கினால் மைக் செட் ஆம்பிளிஃபையர். சந்தேகமான பவர் சப்ளை போர்டை அவர் நேரே 230 வோல்ட்டில் போடமாட்டார். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் கொடுத்துத்தான் போடுவார். கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்த நொடி பல்பு மின்னி, பிறகு மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ ஷார்ட். பல்பில்லாமல் போட்டிருந்தால் புதிதாக மாற்றிய மாஸ்ஃபெட் அங்கேயே வெடித்திருக்கும். இதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி.

பால்கோவாக் கடைத் தராசுகளும் இவர்களிடம்தான் வர வேண்டும். லோட் செல்லிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில் ஒன்று விட்டுப்போனாலும் எண் நிலையாக நிற்காது. ஆனால் தராசைப் பழுது பார்க்க, 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கைவேலை தெரிந்த எத்தனையோ பேர் இந்தக் காகிதம் இல்லாததால் தராசை விட்டுவிட்டு மிக்ஸிக்குப் போகிறார்கள்.

பொருள் மாறும் வேகம்தான் பஜாருக்கு உண்மையான ஆபத்து. பிக்சர் டியூப் டிவியில் கரைகண்டவர்களின் அறிவு சில வருஷங்களில் பழசாகிப் போனது. இன்று பேக்லைட் ஸ்ட்ரிப் மாற்றலாம். பேனலே உடைந்தால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, வாடிக்கையாளர் செட்டை எடைக்குப் போடுகிறார். மில்காரருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. கடைக்காரருக்கு மழை மாதமும் இடி விழுந்த இன்வெர்ட்டர்களும்தான் சீசன்.

வெளியே போகும் கதவுகளை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் கூர்மையாகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் சான்றிதழ் இருந்தால் இஸ்ரோவின் டெக்னீஷியன் பணிக்கு விண்ணப்பிக்கலாம்; அதன் மகேந்திரகிரி மையம் நமக்குத் தூரமில்லை. மூன்று வருஷ டிப்ளமோவில் முதல் வகுப்பென்றால் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு ஐ.டி.ஐ., ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோ. டிப்ளமோ முடித்தவர் பின்னாளில் நினைத்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சீரிஸ் பல்பைக் கரைத்துக் குடித்த நம் பஜார்க்காரர், சான்றிதழ் இல்லாததால், இதில் ஒன்றுக்கும் விண்ணப்பமே போட முடியாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை இதுதான்.

கைத்திறனில் பஜாரே மேல் என்பது என் கணிப்பு. ஆனாலும் பத்தாவது முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோருக்குச் சொல்வேன்: முதலில் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேருங்கள், சாயங்காலங்களில் ஒரு கடையில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். அரசு வேலைக்கு வயது வரம்பு உண்டு. கடை திறக்க அப்படி எதுவும் இல்லை.